நான் தட்டச்சு செய்த நாலு வரி

கண்ணு,

இது மனு இல்லை. அதனால் ‘ஐயா’ என்று ஆரம்பித்துத் ‘தாழ்மையுடன்’ என்று முடிக்கிற வேலை இதில் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் மெஷினை வைத்துக்கொண்டு ஊரார் குறையையெல்லாம் தட்டிக் கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடுதாசி எழுத மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். மெஷினில் அடிக்க மனசு வரவில்லை. கையால் எழுதுகிறேன். கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், வரி கோணலாகத்தான் போகும். திட்டிக்கொண்டே படி. படித்து முடித்ததும் உன் ஆராய்ச்சிக் காகிதங்களோடு இதையும் சேர்த்துவிடு. யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ அனுப்பிய நாடகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆராய்ச்சி என்றால் தாளை நீட்டி ஆமாம், இல்லை என்று டிக் போடச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ என்னடாவென்றால் சார்ட் பேப்பரையும் க்ரேயானையும் ஊசிநூலையும் தூக்கிக்கொண்டு நம்மை மாதிரிக் குடும்பமாகத் தேடிப் போய், பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு நடந்ததை வரைந்து காட்டுங்கள், தைத்துக் காட்டுங்கள், நடித்துக் காட்டுங்கள் என்று உட்கார வைத்திருக்கிறாய். இதுக்கா இவனைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினோம் என்று ஆரம்பத்தில் எரிச்சல்கூட வந்தது. அப்புறம் ஒருநாள் போனில் சொன்னாயே, பிள்ளை எடுத்து வளர்க்கிற அரவாணி அம்மா ஒருத்தி, பள்ளிக்கூடத்தை வரையச் சொன்னால் வெறும் கேட்டை மட்டும் வரைந்து கொடுத்தாள் என்று. அதற்கு உள்ளே அவளை யாரும் விட்டதே இல்லை என்று. அதைக் கேட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. வாயால் கேட்டிருந்தால் ‘எல்லாம் நல்லாத்தான் கீதுப்பா’ என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்போது நம் வீட்டுக் கதையையே நாடகமாக்கி, வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் போடப்போகிறாய். நாளைக்கு அவர்கள் வகுப்புக்கு நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்யக்கூடாது என்று தெரியட்டும் என்கிறாய். நல்ல காரியம். ஆனால் ராஜா, அந்த நாடகத்தில் இரண்டு பொய் இருக்கிறது. நீ சொன்ன பொய் இல்லை. உனக்கு நான் சொன்னது. மேடை ஏறுவதற்குள் அதை எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயா மாட்டாயா தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் மூன்று நாள் போயிற்று.

முதலில் ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன்னிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் பத்மாவும் புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் வாழ்ந்தோம். உன் அப்பா லாரியில் அடிபட்டுப் போனபோது உனக்கு ஒரு வயசு. அடுத்த வருஷம் அவள் என் மெஷின் முன்னால் வந்து நின்றாள். நகரிப் பக்கம் பிறந்து பொதட்டூர்பேட்டையில் வாக்கப்பட்டவள். புருஷன் அடிக்கிறான், அவன் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து என் பேரை எடுத்துவிட வேண்டும், மனு எழுதிக் கொடு என்றாள். நான் அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே நின்றவள், “இன்னா இது, நான் சொன்னது ரெண்டு வார்த்த, நீ ஒரு பக்கம் அடிச்சிகினு கீற?” என்று கேட்டாள். ரெண்டு வார்த்தைக்கு ஆபீசர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாரும்மா என்றேன். சிரித்தாள் பார், அந்த வெயிலில் அப்படி ஒரு சிரிப்பு. பேரை எடுக்க நாலு மாசம் நடந்தாள். நாலாவது மாசம் நம் வீட்டிலிருந்துதான் நடந்தாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டையை பஸ்ஸில் ஏற்றி வந்து இங்கே கடைத்தெருவில் விற்பாள். மூட்டை தூக்க வசதியாகப் புடவைமேல் ஆம்பளைச் சட்டை ஒன்று போட்டிருப்பாள். நம் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்பனை நைனா என்றுதான் கூப்பிடும். நீயும் இரண்டரை வயசில் அவள் மூட்டையை இறக்கும்போது ‘நைனா வந்துச்சு’ என்று கத்திக்கொண்டு ஓடினாய். யாரும் சொல்லித்தரவில்லை. அவள் வெட்கப்பட்டு முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டாள். உனக்கு மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார வைக்கவேண்டும் இல்லையா, என் தம்பி வரவில்லை. விதவை ஒரு பொம்பளையோடு குடித்தனம் பண்ணுகிறாள் என்று அவனுக்குச் செய்தி போயிருந்தது. காது குத்துகிறவர், “மாமன் யாரும்மா?” என்று கேட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். பத்மா பட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்து உன்னை மடியில் இழுத்துக்கொண்டாள். அவர் ஒரு நொடி பார்த்தார். “யாரு மடியா இருந்தா இன்னா, புள்ள தலைய ஆட்டாம புடிச்சிக்கினா போதும்” என்றார். அவ்வளவுதான். பின்னால் நின்ற கூட்டம் சீக்கிரம் சீக்கிரம் என்று தள்ளியது. மலையில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது பள்ளிக்கூடம்தான்.

நாலாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொன்னார்கள். நீ வரைந்ததை நாடகத்தில் அப்படியே எழுதியிருக்கிறாய். நான், நடுவில் நீ, அந்தப் பக்கம் சட்டை போட்ட பத்மா. கீழே ‘அம்மா, நான், நைனா’ என்று எழுத்து. அதை மேசைக்கு மேசை பிடுங்கிச் சிரித்தது, ‘உங்க நைனாவுக்கு மீசை எங்கடா’ என்று இடைவேளையில் உன்னைச் சுற்றி நின்று கேட்டது, உன் சட்டைப் பொத்தான் அறுந்தது, எவளோ ஒருத்தி வந்து ‘என் பிள்ளை பக்கத்தில் இவனை உட்கார வைக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனது, நீ கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தது, எல்லாம் நிஜம். அந்த ஒரு வாரம் நீ ஒருவேளைகூட வயிறாரச் சாப்பிடவில்லை. இதில் எதையும் மாற்றாதே.

அடுத்த காட்சியைத்தான் மாற்றவேண்டும். உன் நாடகத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, ‘அவ உங்க வீட்டு வேலைக்காரின்னு எழுதிக் குடுங்க, இல்லாட்டி டி.சி. வாங்கிக்கிட்டுப் போங்க’ என்று மிரட்டுகிறார். நான் அழுதுகொண்டே டைப் அடிக்கிறேன். உனக்கு நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “இந்தம்மா தினமும் பிள்ளைய விட வர்றாங்க, கூட்டிட்டுப் போக வர்றாங்க. எங்க ரெக்கார்டுல இவங்க யாருன்னே இல்ல. யாரு என்ன உறவுன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் காட்டணும்” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்தம்மா நல்லவள் என்று சொல்ல வரவில்லை. உன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவள் அவள்தான். ஆனால் வேலைக்காரி என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

அது வந்தது என் தொழில் புத்தியிலிருந்து. வீட்டுக்கு வந்து முதல் தாளில் ‘என் சகோதரி’ என்றுதான் அடித்தேன். அடித்ததும் எனக்குள்ளே இருக்கிற தாலுகா ஆபீஸ் விழித்துக்கொண்டது. சகோதரி என்றால் ரேஷன் கார்டு கொண்டா என்பார்கள். அப்பா பேர் வேறே, சாதி வேறே, ஊர் வேறே. தாளை உருவிக் கசக்கினேன். தோழி என்று போட்டால் தோழி ஏன் உன் வீட்டில் குடியிருக்கிறாள் என்பார்கள். உறவு என்று எதைச் சொன்னாலும் அத்தாட்சி கேட்பார்கள், கண்ணு. வேலைக்காரிக்கு மட்டும் அத்தாட்சி கேட்கமாட்டார்கள். அது தோன்றியதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? பெருமை. கெட்டிக்காரி, வழி கண்டுபிடித்துவிட்டாயே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேற்படி பத்மா என்பவர் எங்கள் இல்லத்தில் வீட்டு வேலை செய்பவர் என்றும், என் மகனைப் பள்ளிக்கு அழைத்து வருவது அவருடைய பணிகளுள் ஒன்று என்றும், அவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வேறு எவ்வித உறவும் இல்லை என்றும் நாலே வரி. அழவெல்லாம் இல்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

மறுநாள் மனு நாள். காலையிலேயே கூட்டம். அதனால் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்பினேன். அவளுக்குத் தெலுங்கு படிக்க வரும், தமிழ் எழுத்து தெரியாது. “இன்னா எழுதிகீற?” என்று கேட்டாள். “உன்னப் பத்திதான். நல்லாத்தான் எழுதிகீறேன், போய்க் குட்துட்டு வா” என்றேன். மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள். பாவி நான், அவள் அப்படி வைத்துக்கொண்டதைப் பார்த்தபிறகாவது எனக்கு வாய் வந்திருக்கக்கூடாதா?

அங்கே நடந்தது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். வகுப்பிலிருந்து உன்னை அழைத்து, ‘உங்கம்மா எழுதினதுதானே, நீயே சத்தமாப் படி’ என்றார்கள். அவளை எதிரில் நிற்க வைத்து நீ படித்தாய். ஒன்பது வயசு. ‘எவ்வித’ என்ற இடத்தில் திக்கினாய் என்று நாடகத்தில் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமாக நீ மறக்கவில்லை.

அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வரும்போது எனக்கு மட்டும் தட்டு போட்டிருந்தாள். நீயும் உட்காரு என்றேன். “எசமானியம்மா கூட உக்காந்து நான் எப்டிங்க துன்றது?” என்றாள். கோபம்தான், இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரம் நின்றாள். அப்புறம் கிட்டே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்குப் போயி வேற எழுதிக் குட்த்துடு. இன்னா வேணா எழுதிக்க. யாரோ எவளோன்னு கூட எழுது. புள்ள வாயால அதப் படிக்க வெச்சிட்டாங்க, அத மட்டும் எடுத்துடு” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒருதடவை ரெக்கார்டில் ஏறிவிட்டால் மாற்றமுடியாது பத்மா என்றேன். பேர் திருத்தம், பிறந்த தேதித் திருத்தம், முகவரித் திருத்தம் என்று திருத்தம் எழுதியே சோறு தின்றவள் நான். அவள் பேரைக் கார்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் நான். அவளுக்கும் அது தெரியும். கையை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை. தெருமுனை வரை வந்து, சைக்கிள் கடைப் பக்கம் நின்றுகொள்வாள். அங்கிருந்து நீ உள்ளே போகிறவரை பார்ப்பாள். நாலைந்து வருஷம் அப்படி நின்றாள். வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள், கூப்பிட்டாலும் வரமாட்டாள். நான் எழுதிக் கொடுத்ததை அவள் நடித்துக் காட்டினாள். எனக்கு உறைக்கட்டும் என்று ஆரம்பித்தாள். எனக்கு உறைக்கவில்லை. வசதியாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்து வாய் அடங்கிற்று. அந்த வசதிக்கு நான் பழகிப்போனேன்.

ஏழாவது படிக்கும்போது உன் சிநேகிதப் பையன்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நீ உள்ளே பார்த்து, “தே, டீ கொண்டா” என்று வேலையாளை ஏவுகிற மாதிரி ஏவினாய். பத்மாவைப் பார்த்து. கொண்டுவந்து வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெஷினுக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. இதை நீ நாடகத்தில் எழுதவில்லை. மறந்திருக்கமாட்டாய். எழுதக் கூசியிருக்கும். டேய், அது உன் தப்பில்லை. உன் வாயில் அதை வைத்தவள் நான். இப்போதாவது அதை இறக்கி வைத்துவிடு.

உன் ஆராய்ச்சிக்கு நான் சொல்ல ஒன்று உண்டென்றால் இதுதான். பள்ளிக்கூடம் நமக்குச் செய்ததை மட்டும் வரையச் சொல்லாதே. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நாம் வீட்டுக்குள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொண்டதையும் வரையச் சொல். முதலில் யாரும் வரையமாட்டார்கள். நீ பொறுமையாக உட்கார்ந்திரு.

இனி இரண்டாவது பொய். நீ பட்டணத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருஷம், பரீட்சை முடிந்து வந்தபோது பத்மா வீட்டில் இல்லை. நம்மை வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டாள், அங்கே காய்ச்சல் வந்து செத்துப்போய்விட்டாள் என்று சொன்னேன். நீ, “போனா போட்டும், நம்மள வேணாம்னு போனவதானே” என்றாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் சோறு போட்டேன். உன் நாடகத்தின் கடைசியில் பையன் வளர்ந்து நின்று, ‘ஏன் எங்களை விட்டுப் போன?’ என்று செத்துப்போன அவளையே எதிரில் நிறுத்திக் கேட்கிறான். இரண்டு தடவையும் அந்த இடத்தில் தாளை மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் மேலே படித்தேன்.

அவள் போகவில்லை, ராஜா. வயிற்றில் கட்டி. வலியை ஒரு வருஷம் என்னிடம் சொல்லவில்லை. சொன்னபோது பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். சீட்டு எழுதுகிற நர்ஸ், “நீங்க யாரும்மா, என்ன உறவு?” என்று கேட்டாள். அந்த நேரத்தில் யாரும் என்னை மிரட்டவில்லை. நீ பள்ளிக்கூடப் பிள்ளையும் இல்லை, உன் இடம் பறிபோகும் என்ற பயமும் இல்லை. “தெரிஞ்சவங்க” என்றேன். வாய் தானாகச் சொன்னது. “அப்ப சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க, கையெழுத்து அவங்கதான் போடணும்” என்றாள். எந்த வீட்டுக் கார்டிலிருந்து அவள் பேரை எடுக்க மனு எழுதினேனோ அந்த வீட்டுக்கு நானே ஆள் அனுப்பினேன். புருஷனும் அவன் தம்பியும் வந்தார்கள். நீ யாருடி என்று கேட்டு வார்டிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். போனேன். மூன்று நாள் தாழ்வாரத்தில் நின்றேன். இரண்டாம் நாள் ஆயா ஒருத்தி வெளியே வந்து, “உள்ள ஏழாம் கட்டில்ல கீற அம்மா, வெளிய நிக்குதே அது துன்னுச்சான்னு கேட்டுகினு வரச் சொல்லிச்சு” என்றாள். ஆங், துன்னாச்சு என்று சொல்லு என்றேன். உள்ளே ஓடிப்போய் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, இவ என் பொண்டாட்டி, எவண்டா என்னைத் தடுக்கிறவன் என்று கத்தியிருக்க வேண்டும். ஆயா திரும்பிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அவள் உடலை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே எரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தந்தி கொடுத்திருக்கலாம், போன் பண்ணியிருக்கலாம். காலை ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்திருப்பாய். நீ வந்திருந்தால் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பாய், அதுவும் தெரியும். அப்புறம் நான் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்துதான் உன்னைக் கூப்பிடவில்லை. உன் பரீட்சை கெட்டுவிடும் என்றுதான் தெரிவிக்கவில்லை என்று அப்போது சொன்னதெல்லாம் சும்மா.

நாடகத்தில் என் வேஷத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைக்கு வேறு வேஷம் கொடு. நான் வந்து நானே செய்கிறேன். வசனம் மறக்காது. நாடகம் முடிந்து அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதற்கும் நானே பதில் சொல்கிறேன். நீ என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் அதற்குள் அவள்மேல் இருக்கிற கோபத்தை விட்டுவிடு. அவள் உன்னை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை.

கடைசிக் காட்சியில் பத்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. அவள் உள்ளே கட்டிலில் படுத்திருக்கட்டும். வெளியே போகிறவள் நான்.

இத்தனையும் செய்த,
உன் அம்மா